தாத்தா வச்சிட்டுப் போன ஒலிம்பிக் கீ செயின் லட்சம் பெறுமா?

கேள்வி: எங்க தாத்தா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு. அவரோட டிரங்க் பெட்டில ஒரு கீ செயின் கெடச்சுது, செவப்பு வெள்ளத் தலையோட ஸ்கீ மேல நிக்கிற பொம்ம. கூடவே 1968ல பிரான்ஸ்ல நடந்த கிரெனோபிள் குளிர்கால ஒலிம்பிக் முத்திர குத்துன தபால் கவர் ஒண்ணு. இதெல்லாம் லட்சக்கணக்குல போவுதுன்னு பையன் குதிக்கிறான். புளி போட்டுத் தேச்சிட்டு வித்துடலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மொதல்ல அந்தப் புளிய ரசத்துக்கு வச்சுக்குங்கம்மா. தேச்சா பெயிண்டும் போவும், பழசுங்கற களையும் போவும், அப்புறம் பழம்பொருள் சேக்கறவங்க திரும்பிக்கூட பாக்கமாட்டாங்க.

அந்தப் பொம்ம பேரு ஷுஸ், ஒலிம்பிக்கோட மொதல் மாஸ்காட், அதாவது போட்டியோட அடையாளப் பொம்மன்னு அவனத்தான் சொல்வாங்க, ஆனா அஃபிஷியல் கெடையாது, குளிர்கால ஒலிம்பிக்ல அஃபிஷியலா வந்தது 1976 இன்ஸ்ப்ரூக் பனிமனுசன்தான். ஷுஸ் அப்பவே கீ செயின், பின்னுனு எக்கச்சக்கமா வித்துச்சு, அதனால லட்சக் கனவ பையன் விட்டுடட்டும். லட்சத்துல போறது கிரெனோபிள்ல ஒலிம்பிக் தீபம் ஏந்திட்டு ஓடுன டார்ச் மாதிரி ஐட்டம், அத மொத்தமே 33 தான் செஞ்சாங்க.

எனக்கு அந்தக் கவர்தான் சுவாரசியமா படுது. ஸ்டாம்ப மட்டும் கிழிச்சி எடுத்துடாதீங்க, ஸ்டாம்பு, முத்திர, அட்ரஸ் மூணும் சேந்து இருந்தாதான் மதிப்பு. லென்ஸ் வச்சி தேதியப் பாருங்க, பிப்ரவரி 6லேந்து 18க்குள்ள இருந்தா போட்டி நடந்தப்பவே போட்ட தபால், பிரெஞ்சு பனிச்சறுக்கு வீரர் ழான்-க்ளோத் கில்லி மூணு தங்கம் அடிச்சாரே அந்தப் போட்டி, அதுக்குத் தனி மவுசு. தாத்தா அந்த வருஷம் பிரான்ஸ்ல எங்க இருந்தாருன்னு தெரிஞ்சவங்கள கேட்டு எழுதி வைங்க, பென்ஷன் பேப்பர், பழைய போட்டோ எதுனா இருந்தா அதையும் சேத்து வைங்க. இந்த ஆதாரம் இல்லாட்டி சண்டே மார்க்கெட்ல காந்தி வீதியோரமா விரிச்சி வச்சிருக்கற சாமானுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

நம்மூரு கடக்காத்து இரும்பையே தின்னுடும், அதனால ரெண்டையும் தனித்தனியா காத்துப்புகாத டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க. கொழகொழன்னு இருக்கற பிளாஸ்டிக் கவர் மட்டும் வேணாம், அதுலேந்து கசியற எண்ணெய் பேப்பரையும் கெடுக்கும், செம்புலயும் பச்ச புடிக்க வைக்கும்.

கேள்வி: குளிர்கால ஒலிம்பிக் கலெக்‌ஷன் கம்மி காசுல ஆரம்பிக்க முடியுமா சார்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஸ்டாம்ப்ல ஆரம்பிங்க தம்பி. 1932ல லேக் பிளாசிட்ல நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்கு அமெரிக்கா போட்ட செவப்பு 2 சென்ட் ஸ்டாம்ப் நெறைய அச்சடிச்சது, பர்ஸ கடிக்காது. நம்மாளுங்க ஐட்டம் வேணும்னா 1964ல குளிர்கால ஒலிம்பிக்ல இந்தியாவுக்காக மொதல்ல எறங்குன பனிச்சறுக்கு வீரர் ஜெரமி புஜகோவ்ஸ்கி, 1998லேந்து ஆறு ஒலிம்பிக் ஆடுன லூஜ் (பனிப்பாதைல சறுக்குப்பலக மேல படுத்துட்டு போற போட்டி) வீரர் சிவா கேசவன், இவங்க கையெழுத்து எங்கயாச்சும் வருதான்னு பாத்துக்கிட்டே இருங்க. யாரு கையால வாங்குனதுன்னு விக்கிறவரு சொல்லலைனா காசக் குடுக்காதீங்க.