விரல்ல குத்தி பாக்குற ஐஎன்ஆர் மெஷினை எவ்வளவு நம்பலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பாவுக்கு இதய வால்வு மாத்தினதால ரத்தம் உறையாம தடுக்குற வார்ஃபரின் மாத்திரை போய்ட்டிருக்கு, ஐஎன்ஆர் டார்கெட் 2.5-லேர்ந்து 3.5. வீட்டு மெஷின்ல 2.6 காட்டுச்சு, அதே நாள் லேப்ல 3.0. எது சரி டாக்டர்?

ரெண்டுமே சரிதாங்க. ஐஎன்ஆர்ங்கிறது சுகர் மாதிரி ரத்தத்துல கலந்திருக்குற ஒரு பொருளோட அளவு இல்ல, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுங்கிறதை வச்சு கணக்கு போட்டு வர்ற நம்பர், அந்த உறைதலை கிளப்பி விடுற த்ராம்போபிளாஸ்டின் லேப்புக்கு லேப், ஸ்ட்ரிப்புக்கு ஸ்ட்ரிப் வேற வேற. அதை சமன்படுத்தத்தான் 1983-ல உலக சுகாதார நிறுவனம் ஐஎன்ஆர் முறையையே கொண்டுவந்துச்சு, அப்படியும் கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சத்தான் செய்யும். இந்த மெஷின்களுக்கான ஐஎஸ்ஓ 17593-ங்கிற சர்வதேச தர விதியே 2-லேர்ந்து 4.5 வரைக்கும் நூத்துக்கு 90 ரிசல்ட் 30 சதவீத வித்தியாசத்துக்குள்ள இருந்தா போதும்னுதான் சொல்லுது. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், இந்த ரெண்டு நம்பரையும் தனித்தனியா கையில குடுத்தா டோஸ் மாறுமா? உங்க அப்பா கேஸ்ல மாறாது, அப்போ நிம்மதியா இருங்க.

இன்னொண்ணு, லேப் நம்பர்னா தப்பே வராதுன்னு நினைச்சுடாதீங்க. லேப்ல ரத்தம் எடுக்குற நீல மூடி ட்யூப்ல ரத்தம் உறையாம தடுக்குற சிட்ரேட் இருக்கும், ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் வேணும், நரம்பு சரியா கிடைக்கலன்னு பாதி ட்யூப்ல நிறுத்திட்டா சிட்ரேட் அதிகமாகி ஐஎன்ஆர் பொய்யா ஏறிக் காட்டும். அடுத்த தடவை கோடு வரைக்கும் ரத்தம் நிரம்புதான்னு நீங்களே பாருங்க.

கேள்வி: மெஷின்ல 5.8 வந்து பயந்துட்டோம், லேப்ல போய் பாத்தா 4.7. மெஷின் ரிப்பேரா?

ரிப்பேர்னு சொல்ல முடியாது. 2-லேர்ந்து 3.5 வரைக்கும் மெஷினும் லேப்பும் நல்லா ஒத்துப்போகும், 4-ஐ தாண்டிட்டா விலகல் பெருசாகும், பெரும்பாலும் மெஷின்தான் கூட காட்டும். 2018-ல ரோஷ் கம்பெனியோட கோஆகுசெக் மெஷின் ஸ்ட்ரிப்களை சந்தையிலேர்ந்து திரும்பப் பெற்றதும் 4.5-க்கு மேல அதிகமா காட்டுதுங்கிற இதே பிரச்சினைக்காகத்தான். அதனால 4.5-க்கு மேல வந்தா கை நரம்புல ரத்தம் எடுத்து ஒருதடவை உறுதி பண்ணிட்டு டோஸ் மாத்துங்க. ஆனா "மெஷின் எப்பவும் கூடத்தானே காட்டும்"னு அலட்சியமா இருந்துடாதீங்க ப்ளீஸ், ஈறுல ரத்தம், கருப்பா மலம், கடுமையான தலைவலி, தலையில அடி, இதுல ஏதாவது இருந்தா நம்பர் என்னவா இருந்தாலும் நேரா எமர்ஜென்சிதான்.

கேள்வி: அஞ்சு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை பாத்தா 2.3, 3.1-னு வருது. ஏன்?

முக்கால்வாசி நேரம் குத்துற விதத்துலதான் பிரச்சினை. சுகர் பாத்துப் பழகினவங்க முதல் சொட்டை துடைச்சுட்டு ரெண்டாவதை வைப்பாங்க, இங்க முதல் சொட்டேதான் வேணும், ஏன்னா குத்தின நொடியே உறையிற வேலை ஆரம்பிச்சுடும், பல மெஷின்ல 15 செகண்டுக்குள்ள ஸ்ட்ரிப்ல வச்சாகணும். ரத்தம் வரலன்னு விரலை போட்டு பிழிஞ்சா சதையில இருக்குற நீரும் சேர்ந்து வரும், அது உறைதலை தூண்டி விடும், நம்பர் கெட்டுடும். வெதுவெதுப்பான தண்ணில கை கழுவி, ஈரமில்லாம துடைச்சு, கையை ஒரு நிமிஷம் கீழ தொங்கவிட்டு, விரல் நுனியோட பக்கவாட்டுல குத்துங்க. ஸ்பிரிட் போட்டா முழுசா காயணும். சொட்டு பத்தலன்னு மேல இன்னொரு சொட்டு விடவே கூடாது, புது ஸ்ட்ரிப், வேற விரல், அவ்வளவுதான். ஸ்ட்ரிப் எடுத்த உடனே டப்பாவை மூடிடுங்க, ஈரக்காத்து பட்டா ஸ்ட்ரிப் வீண்.

கேள்வி: எனக்கு ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம், அதாவது ஆன்டிபாடியால ரத்தம் சட்டுனு கட்டிப்போற நோய். நானும் இந்த மெஷின் வாங்கலாமா?

உங்க ஹெமட்டாலஜிஸ்ட்கிட்ட (ரத்த நோய் டாக்டர்) கேக்காம வேண்டாம். உங்க ரத்தத்துல இருக்குற ஆன்டிபாடி ஸ்ட்ரிப்ல இருக்குற பாஸ்போலிபிட்டோட மல்லுக்கட்டி ஐஎன்ஆரை பொய்யா ஏத்திடும், அதை நம்பி டோஸை குறைச்சா உண்மையில மருந்து பத்தாம ரத்தக்கட்டி வந்துடும், நான் ரொம்ப பயப்படுறது இந்த மாதிரி தப்புக்குத்தான். லேப்ல டெஸ்ட்டுக்கு சேர்க்குற சில ரீஏஜென்டும்கூட இதுல ஏமாறும், சந்தேகம் வந்தா இந்த ஆன்டிபாடியால ஏமாறாத க்ரோமோஜெனிக் ஃபேக்டர் 10 டெஸ்ட் பாக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு ரத்தசோகை, டயாலிசிஸ் வேற. மெஷின் சரியா காட்டுமா?

ஹெமட்டோகிரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு பாருங்க. கோஆகுசெக் எக்ஸ்எஸ் மாதிரி மெஷினுக்கு 25-லேர்ந்து 55 சதவீதம்தான் எல்லை, ஹீமோகுளோபின் 8 பக்கம் இறங்கிட்டா அந்த எல்லைக்கு வெளிய போயிடுவாங்க, அப்போ லேப்தான். டயாலிசிஸ்ல ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போடுவாங்க இல்லையா, அதனால டயாலிசிஸ் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணிடுங்க.

கேள்வி: அபிக்ஸபான் சாப்பிடுறேன், இதுல செக் பண்ணலாமா?

கூடாது. அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகாட்ரான் எல்லாம் வார்ஃபரின் இல்லாத வேற வகை ரத்தம் உறையாம தடுக்குற மருந்து, எதுக்கும் இந்த நம்பர் பேசாது. அபிக்ஸபான் முழு டோஸ்ல இருக்கும்போதே 1.1 காட்டலாம், மருந்து வேலை செய்யலன்னு நீங்களா டோஸை கூட்டிடாதீங்க.

கேள்வி: டோஸ் மாத்தினா மறுநாளே மெஷின்ல தெரியுமா? எத்தனை நாளைக்கு ஒருதடவை பாக்கணும்?

தெரியாது. வார்ஃபரின் குறைக்குற உறைதல் காரணிகள்ல ஏழாவது சில மணி நேரத்துலயே இறங்கிடும், ஆனா நம்மளை உண்மையா காப்பாத்துற ரெண்டாவது காரணி இறங்க ரெண்டு மூணு நாள் ஆகும், அதனால தினமும் குத்திக் குத்தி டோஸை ஆட்டிட்டே இருந்தா ஐஎன்ஆர் ஏறி இறங்கி ஒரு நிலைக்கே வராது. வீட்டுல பாக்குறவங்களுக்கு வாரம் ஒருதடவை தாராளம். ஆன்டிபயாடிக் ஏதாவது ஆரம்பிச்சா மட்டும் மூணு நாலு நாள்ல ஒருதடவை பாத்துடுங்க. ஆறு மாசத்துக்கு ஒருதடவை மெஷினை லேப்புக்கே எடுத்துட்டுப் போய், அங்க ரத்தம் எடுக்குற அதே நேரத்துல விரல்லயும் குத்திப் பாத்து, ரெண்டு நம்பரையும் ஸ்ட்ரிப் டப்பாவோட லாட் நம்பரையும் ஒரே நோட்டுல எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.