வாசகர் கேள்வி – பதில்: பழைய ஸ்போர்ட்ஸ் கார், கடற்கரைக் காற்று, சரியான ஆயில்

என்னிடம் 1968-ஆம் வருட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 இருக்கிறது. ஒரு மெக்கானிக் 5டபிள்யூ-30 முழு சிந்தெட்டிக் ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர் 20டபிள்யூ-50 போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

இரண்டாமவர் சொல்வதை. ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. பனி கொட்டும் ஊரில் 5-க்கு மதிப்பு உண்டு. புதுச்சேரியில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண், சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்வது. உங்கள் 1296 சிசி என்ஜினின் பேரிங் இடைவெளிகள் கெட்டியான ஆயிலை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு 2000 ஆர்பிஎம்மில் 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தம் காட்ட வேண்டும். தேய்ந்த என்ஜினில் 5டபிள்யூ-30 ஊற்றினால் சித்திரை வெயிலில் ஆயில் அழுத்த முள் கீழே படுத்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேமும் அது தள்ளும் டேப்பெட்டும் உருளாமல் நேருக்கு நேர் உரசுகின்றன. அந்த உரசலில் உலோகத்தைக் காப்பது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். புதுக்கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், ஏபிஐ எஸ்என் என்ற ஆயில் தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கு அதை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். 20டபிள்யூ-50-க்கு அந்த வரம்பு இல்லை. வாங்கும்முன் அந்த ஆயிலின் விவரத்தாளைக் கேளுங்கள். பாஸ்பரஸ் 0.10 முதல் 0.12 சதவீதம் வரை இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். உங்கள் காரில் கன்வெர்ட்டரே இல்லாததால் கெட்டுப்போக எதுவுமில்லை. மினரல் ஆயிலே போதும். சிந்தெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு முறை ஆயில் மாற்றிவிடலாம்.

ஃபில்டர் வாங்கும்போது, ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிட்ஃபயரில் ஃபில்டர் படுக்கைவாட்டில் பொருந்துவதால், அந்த வால்வு இல்லாவிட்டால் இரவில் காலியாகிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் ‘கடகட’வென்று கேட்பது, பேரிங் ஆயில் இல்லாமல் சுழலும் சத்தம்.

பெட்ரோல் பங்கில் பைக் ஆயில் 20டபிள்யூ-50 கிடைக்கிறது. அதை ஸ்பிட்ஃபயர் என்ஜினில் ஊற்றலாமா?
– ஒரு வாசகர், வில்லியனூர்

அவசரத்துக்கு ஊற்றலாம், என்ஜினுக்குக் கெடுதல் இல்லை. டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்று போட்டிருப்பது, ஆயிலில் மூழ்கிய பைக் கிளட்ச் வழுக்காது என்பதற்கான உத்தரவாதம். உங்கள் கிளட்ச் உலர்ந்தது, ஆகவே அதனால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஆனால் கியர்பாக்ஸில் அதை ஊற்றாதீர்கள். ஸ்பிட்ஃபயர் கியர்பாக்ஸுக்கு இபி90 கியர் ஆயில், அதுவும் ஜிஎல்-4 தரம். கடைக்காரர் ‘ஜிஎல்-5 இன்னும் உசத்தி’ என்று எடுத்துக் கொடுப்பார், வாங்க வேண்டாம். அதிலுள்ள கந்தகச் சேர்மம் கியர்களை உரசாமல் சேர்க்கும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். சில வருடங்களில் இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் ‘கிர்ர்’ என்று கத்தும்.

வருடத்துக்கு 400 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். ஆயில் தேன் நிறத்திலேயே இருக்கிறது. மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், லாஸ்பேட்டை

மாற்றியே ஆக வேண்டும், வருடம் ஒருமுறை. நிறத்தை நம்பாதீர்கள். கடற்கரைச் சாலைக்குப் போய்த் திரும்பும் சின்ன ஓட்டத்தில் என்ஜின் முழுச் சூடு அடைவதே இல்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்து, எரிபொருள் கழிவுடன் சேர்ந்து அமிலமாகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் பிசுக்கு படிந்திருந்தால் இதுதான் காரணம் (ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்). மாதம் ஒருமுறையாவது கடலூர் வரை போய்வாருங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் கார் ஷெட்டில் நிற்கும் என்றால், மழைக்குப் பிறகு அல்ல, அதற்கு முன் புரட்டாசியிலேயே மாற்றுங்கள். பழைய ஆயிலோடு நிறுத்தினால் அந்த அமிலம் மூன்று மாதமும் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். என்ஜினைச் சூடாக்கி, டிரெயின் பிளக்கைக் கழற்றி, அரை மணி நேரம் வடியவிடுங்கள். புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, அது முகத்தில் உட்கார்ந்த பிறகு கையாலேயே முக்கால் சுற்று முறுக்கினால் போதும். நான்கு லிட்டர் ஊற்றி, மீதியை டிப்ஸ்டிக் பார்த்துச் சேருங்கள். என்ஜின் பற்றிக்கொள்ளாமல் இருக்கக் காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றிய பிறகே என்ஜினை ஓடவிடுங்கள்.

எங்கள் ஊர் மெக்கானிக் ஹெரால்டு காருக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் முன்சக்கரத்தில் கிரீஸ் அடிக்கிறார். சரிதானே?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

சரியல்ல. இந்தப் பக்கத்தில் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். ஹெரால்டு சேஸிஸைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள், முன்சக்கர அமைப்பும் ஒன்றே. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தூணின் கீழ்முனையில் மரை வெட்டி, டிரன்னியன் என்ற பித்தளைக் கூட்டுக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. கம்பெனி சொன்னது இபி90 கியர் ஆயில், கிரீஸ் அல்ல. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே காய்ந்து கட்டியாகிவிடும். அடியில் மழைநீர் தேங்கி, உப்புக்காற்றும் சேர, எஃகு துருவேறும். பிறகு ஒருநாள் மரை தொடங்கும் இடத்தில் தூண் முறிந்து, சக்கரம் மட்டையாக மடங்கிவிடும். அநேகமாக வண்டியை ஒடித்துத் திருப்பும்போதுதான் இது நடக்கும்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கிரீஸ் கன்னைச் சுத்தமாகக் கழுவி, இபி90 நிரப்பி, டிரன்னியனின் மேல்விளிம்பில் ஆயில் கசியும்வரை அடியுங்கள். இடையிடையே ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்கத் திருப்புங்கள். கம்பெனிக் கணக்கு சுமார் 10,000 கிலோமீட்டர். நம் கரையோரத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். இதுவரை கிரீஸ் அடித்திருந்தால் கழற்றிப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம். மரையில் துருக்குழி தெரிந்தால் தூணையே மாற்றுங்கள். இடது, வலது மரைகள் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை, கலந்துவிடாதீர்கள்.

கிளட்சை மிதித்தால் முன்புல்லி லேசாக முன்னே நகர்கிறது. ஆபத்தா?
– ஒரு வாசகர், அரியாங்குப்பம்

எவ்வளவு நகர்கிறது என்பதைப் பொறுத்தது. என்ஜினின் சுழல் தண்டான கிராங்க்கின் முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். டயல் கேஜ் வைத்து அளந்து, அதைத் தாண்டினால் அந்த ஆட்டத்தைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே அரைக்கும். என்ஜினை இறக்க வேண்டாம். சம்ப்பையும், கிராங்கைப் பிடித்திருக்கும் கடைசி மெயின் கேப்பையும் கழற்றிக் கீழிருந்தே மாற்றலாம். காடி வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்க்க வேண்டும். இந்திரா காந்தி சதுக்க சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலில் நில்லுங்கள்.

இ20 பெட்ரோல் போட்டதிலிருந்து கார்பரேட்டர் ஒழுகுகிறது.
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

இ20-இல் 20 சதவீதம் வரை கலந்திருக்கும் எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கிறது. ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், ஃப்ளோட் நீடில் முனை மூன்றையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றுங்கள். ஹோஸில் ‘ஜே30 ஆர்9’ முத்திரை இருக்க வேண்டும். பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிவதால் எஸ்யூ கார்பரேட்டரின் ஜெட் நட்டை ஒவ்வொரு முகமாகக் கீழே இறக்கி, பிளக் முனை பழுப்பாக வரும்வரை சரிசெய்யுங்கள்.