யாரும் பார்க்காத நாடகம்

அக்கா, வணக்கம். நண்பர் ஒருவர் என்னை ஒரு கலைக்கூடத்துக்கு இழுத்துப் போனார். 1976இல் பிராக் நகரத்துச் சதுக்கத்தில் ஒருவர் சாதாரணமாக நின்றதையும் நடந்ததையும் அங்கே கலை என்றார்கள். பார்த்தவர்களுக்கு அது நிகழ்ச்சி என்றே தெரியாதாம்! எம்.ஜி. ரோடு மெட்ரோ வாசலில் தினமும் எத்தனையோ பேர் அப்படி நிற்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?
எஸ்., அல்சூர்

அன்புள்ள எஸ்.,

அவர் செக் கலைஞர் யிர்ஷி கொவண்டா. என்னென்ன அசைவு என்று முன்பே எழுதிவைத்து, அதை வரி பிசகாமல் செய்தார். வழியில் போகிறவர்களுக்குச் சந்தேகம் வராத அசைவுகளாகவே பொறுக்கியிருந்தார். அடுத்த வருடம் எஸ்கலேட்டரில் திரும்பி நின்று, பின்னால் வந்தவரின் கண்ணையே பார்த்தார். மிஞ்சியதெல்லாம் போட்டோவும் தட்டச்சு செய்த சில வரிகளும்தான். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஏமாற்று என்றால் பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலைச் சொல்லலாம். 1970களில் பெருவில், ஒரு ஹோட்டலில் அவருடைய நடிகர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, "காசில்லை, வேலை செய்து கழிக்கிறேன்; குப்பை அள்ளினால் என்ன கூலி?" என்று ஆரம்பித்தார். மற்ற மேஜைக்காரர்களும் கூலிச் சண்டையில் இறங்கிவிட்டார்கள். நாடகம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

சரி, உங்கள் மெட்ரோ வாசல். அங்கே சும்மா நிற்பவர்களில் பெண்கள் எத்தனை பேர்? 2003இல் கலைஞர் ஜாஸ்மீன் பதேஜா, தெருவில் பெண்கள் படும் தொல்லைக்கு எதிராகப் பெங்களூரில் தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' அமைப்பு இதைத்தான் கையில் எடுத்தது. பெண்கள் தெருவில் வேலையில்லாமல் நின்றார்கள். பூங்காவில் படுத்துத் தூங்கினார்கள். அவ்வளவுதான் நிகழ்வு. கப்பன் பார்க்கில் மத்தியானம் செருப்பைத் தலைக்கு வைத்து, முகத்தில் பேப்பரை மூடித் தூங்கும் ஆண்களை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அதே புல்லில் ஒரு பெண் துப்பட்டாவை விரித்துப் படுக்கட்டும். வாக்கிங் போகிறவர் நிற்பார், செக்யூரிட்டி வந்து "உடம்பு சரியில்லையா?" என்பார். கொவண்டா யார் கண்ணிலும் உறுத்தாமல் நிற்க முடிந்தது. அவளால் முடியாது.

அதனால் நாங்கள் வேறு நாடகம் போடுகிறோம். ராத்திரி தனியாக ஆட்டோவுக்கு நிற்கும்போது, லைனில் ஆளே இல்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு, அண்ணன் பக்கத்துத் தெருவில் வந்துவிட்டதாகப் பேசுவோம். எனக்கு அண்ணனே கிடையாது. வீட்டில் தமிழ்தான் என்றாலும் அந்தப் பேச்சு மட்டும் கன்னடத்தில், கொஞ்சம் சத்தமாக. பக்கத்தில் நிற்பவனுக்குப் புரிய வேண்டுமே.