மேக்கப் ஏருக்குப் பிரெஞ்சில் என்ன?

நீங்கள் பிரெஞ்சுக்கு மொழிபெயர்க்கும் காற்றோட்ட அமைப்பு ஆவணத்தில் ‘மேக்கப் ஏர்’ (make-up air) வரும் இடத்தில் ‘ஏர் த கோம்பான்ஸாசியோன்’ என்று போடுங்கள். உங்கள் மொழிபெயர்ப்பு மென்பொருள் தந்த ‘மக்கியாஷ்’ முகத்தில் பூசும் ஒப்பனை! சமையலறையில் அடுப்புக்கு மேலுள்ள ஹூட் உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே விடும் காற்றுதான் மேக்கப் ஏர். சொல்லை மட்டும் தனியாகக் கொடுத்திருப்பீர்கள், அதுதான் தடுமாறியிருக்கும்.

அப்புறம், காற்றுக்குழாய்க்குள் திறந்து மூடும் தகடான ‘டாம்பர்’ என்பதற்கு எல்லா இடத்திலும் ஒரே சொல் சரிவராது. வரைபடத்தில் அதன் வேலையைப் பாருங்கள். காற்றின் அளவைக் கூட்டிக் குறைத்தால் ‘ரெஜிஸ்த்ர்’. தீ பரவாமல் காற்றுக்குழாயை அடைத்தால் ‘கிளாப்பே கூப்-ஃபெ’. இவற்றை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

ஆவணம் கனடாவுக்கு என்றால் மேக்கப் ஏருக்கு ‘ஏர் தாப்புவான்’ என்பதும் புழக்கத்தில் உண்டு. வாடிக்கையாளரின் பழைய கையேட்டில் எது இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.