பி.டி. சார் பெயரில் உதவித்தொகை: பதக்கம் வாங்கியவருக்கா, வசதியில்லாதவருக்கா?

ஓய்வுபெற்ற உடற்கல்விப் பேராசிரியர் பெயரில் கல்லூரியில் உதவித்தொகை தொடங்கப் போகிறோம், யாருக்குக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் எங்களைப் போலப் பழைய மாணவர்களாகக் கூடிப் பணம் திரட்டியிருப்பீர்கள். வாட்ஸ்அப் குழு இந்நேரம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். எங்களுடையதும் பிரிந்தது.

பதக்கம் இருக்கிறதோ இல்லையோ, தினமும் பயிற்சிக்கு வந்து நிற்கிற பிள்ளைக்குக் கொடுங்கள். நான் அப்படி நின்றவள் என்பதால் சொல்கிறேன்.

எனக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம். அம்மா தேயிலை பறிக்கப் போவார். படித்தது உதகையில். 1500 மீட்டர் ஓடுவேன். மூன்று வருடத்தில் பல்கலைக்கழகப் போட்டியில் கிடைத்தது ஒரே ஒரு நான்காம் இடம். அதற்குச் சான்றிதழ்கூடக் கிடையாது.

எங்கள் சார் தென்காசிப் பக்கத்துக்காரர். குளிர் கடைசிவரை அவருக்குப் பழகவே இல்லை, மப்ளர் இல்லாமல் பார்த்ததில்லை. முதல் நாளே சொன்னார்: "1968 ஒலிம்பிக்ஸ் நடந்த மெக்ஸிகோ சிட்டி 2240 மீட்டர் உயரம். நம்ம ஊட்டியும் ஏறக்குறைய அதேதான். அங்கே 1500 மீட்டரில் ஜெயித்த கிப் கெய்னோ கென்யாவின் மலைக்காரர். காற்று மெலிசான இடத்தில் வளர்ந்த பிள்ளைகள் நீங்கள், மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் வராதீர்கள்." மூடுபனி இறங்கினால் சுண்ணாம்புக் கோடு தெரியாது. சார் வளைவில் போய் நின்று விசில் ஊதுவார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடித் திரும்புவோம்.

பயிற்சி முடிந்து ஓட்டமாக ஓடினால்தான் ஐந்தரை பஸ். விட்டால் இருட்டிவிடும். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஹட்டிக்குப் போகும் வழியில் காட்டெருமை நிற்கும், சில நாள் கரடியும். அப்பா டார்ச்சோடு வந்து காத்திருப்பார். ஒருநாள், "போதும்மா, இனி ஓட வேண்டாம்" என்றார். அடுத்த ஞாயிறு சார் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவோடு ஒரு மணி நேரம் தேயிலை விலையைத்தான் பேசினார், ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது, "ஐந்து மணிக்கே நான் அனுப்பிவிடுகிறேன் ஐயா" என்றார். அவ்வளவுதான்.

கல்லூரி வாசல் டீக்கடையில் பயிற்சி முடிந்ததும் எங்களுக்கு முட்டையும் பாலும் கிடைக்கும். கல்லூரிச் செலவு என்றே நினைத்திருந்தேன். சார் ஓய்வுபெற்ற பிறகுதான் கடைக்கார அண்ணன் பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக எங்கள் பெயர்கள், எதிரே "2 முட்டை, 1 பால்". மாதக் கடைசியில் கோடு போட்டு, சார் கையெழுத்து.

வென்றவர்களைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். அவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, அரசின் ஊக்கத்தொகை இருக்கிறது. கொடுப்பது நியாயம்தான். நான்காவதாக வருபவளுக்கு என்ன இருக்கிறது?

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சீசன் வந்தால் நாங்கள் ஓடிய மைதானத்தைக் கார் நிறுத்தக் கொடுத்துவிடுவார்கள். ஜூனில் போனால் டயர் பள்ளம், உடைந்த பாட்டில். முதல் வாரம் முழுக்கக் கண்ணாடித் துண்டு பொறுக்குவதுதான் எங்கள் பயிற்சி. மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இடம் வேண்டும், சரி. மலைப் பிள்ளைகளுக்கு ஓட இடம் வேண்டாமா?

பணத்துக்கு வருகிறேன். நாங்கள் இரண்டு லட்சம் வைப்புநிதியில் போட்டோம். ஆறரை சதவீத வட்டியில் ஆண்டுக்கு 13,000 வருகிறது. முதலைத் தொடக்கூடாது என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஆண்டு விழா மேடைக்காக மார்ச் வரை வைத்திருக்காதீர்கள். ஷூவும் பஸ் காசும் கல்லூரி திறந்த மாதத்திலேயே வேண்டும். சான்றிதழ்களை அடுக்கச் சொல்லாமல் மைதான வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். விளையாட்டில் பெரிதாக வராத பிள்ளைகளையும் சேருங்கள். எங்கள் சார் அவர்களைத்தான் ஞாயிறுகளில் தொட்டபெட்டாவுக்கு நடத்திக் கூட்டிப் போவார்.

"என் பேரு எதுக்கும்மா?" என்று சார் ஆறு மாதம் மறுத்தார். பிறகு முதல் வருடம் அவரே வந்து கொடுத்தார். வாங்கியவள் மஞ்சூர்ப் பக்கத்துப் பெண். கவரைக் கையில் வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "உனக்கு பஸ் எத்தனை மணிக்கு?"