கிளீவ்லாந்துக்கு வந்தாச்சா? இனி பிரவுன்ஸ்தான்

தம்பி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது என்கிறீர்கள். திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் எல்லோரும் எழவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், தோற்றுக்கொண்டே இருக்கிற பிரவுன்ஸை, இந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து டீமை, ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஆட்டம் சமனில் நின்றால் கூடுதலாக ஆடுகிற ஓவர்டைம் நேரத்தின் விதி பற்றி அவர்கள் போடும் சண்டையும் புரியவில்லை என்று.

நான் வந்த புதிதில் எனக்குக் கிளீவ்லாந்து என்றால் தியாகராஜ ஆராதனை மட்டும்தான். பிரவுன்ஸை அறிமுகப்படுத்தியது கீழ்வீட்டுப் பெரியவர். 1995 சீசன் முடிந்ததும் ஓனர் டீமையே பால்டிமோருக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே ரேவன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2000 சீசனிலேயே சூப்பர் பவுலை, அதாவது லீகின் இறுதியாட்டத்தை, வென்றுவிட்டார்கள். ஓடிப்போன பிள்ளை வெளியூரில் கலெக்டரான கதை. இங்கே 1999-ல் புதிதாகத் தொடங்கிய பிரவுன்ஸ் இன்னும் சூப்பர் பவுலில் ஆடியதே கிடையாது.

2016-ல் 16 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. 2017-ல் அந்த ஒன்றும் இல்லை. அதற்கு ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2018 ஜனவரியில், மூச்சுவிட்டால் மீசையில் பனி பிடிக்கிற குளிரில், மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். வட்டமாகச் சுற்றினால் அதுவே பூஜ்யம்! ஊர்வலத்தின் பெயரால் ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு நன்கொடையும் திரட்டினார்கள். நானும் போனேன். பெரியவர் ஆரஞ்சுத் தொப்பியோடு எனக்கு முன்னால் நடந்தார், சிரித்துக்கொண்டே. அன்றைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரன் ஆனேன்.

எனக்குக் கோபம் முதலாளிகள் மேல்தான். இங்கிலாந்து கால்பந்து மாதிரி கடைசி இடம் வந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளுகிற வழக்கம் இங்கே இல்லை. மோசமாகத் தோற்ற டீமுக்கு, கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு. அப்படித்தான் 2017-ல் மைல்ஸ் காரெட் கிடைத்தார், 2018-ல் பேக்கர் மேஃபீல்ட். தேசிய டிவி ஒப்பந்தப் பணமோ 32 டீமுக்கும் சமபங்கு. தோற்றாலும் கல்லா நிறையும் என்றால் அவசரம் எங்கிருந்து வரும்? 2024-லும் 3 வெற்றி, 14 தோல்வி.

ஓவர்டைம் கதைக்கு வருகிறேன். முன்பு டாஸ் ஜெயித்துப் பந்தை வாங்கியவர்கள் முதல் முயற்சியிலேயே பந்தை எதிராளியின் எல்லைக்கோடு தாண்டிக் கொண்டுபோய் டச்டவுன் போட்டால் ஆட்டம் முடிந்தது. எதிராளி பந்தைத் தொடக்கூட முடியாது. 2022 ஜனவரியில் பஃபலோ டீமுக்கு அதுதான் நடந்தது. கடைசி 13 நொடியில் கான்சாஸ் சிட்டி சமன் செய்தது. ஓவர்டைமில் டாஸும் அவர்களுக்கே. 42-36. பஃபலோவின் நட்சத்திரம் ஜாஷ் ஆலன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை பவுண்டரி எண்ணி முடித்தார்களே, அந்த வயிற்றெரிச்சல். பஃபலோ தோற்ற அந்த 2022-லேயே பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்ததும் நடக்கும் நாக்அவுட் ஆட்டங்களில், இருவருக்கும் ஒரு வாய்ப்பு உறுதி என்று மாற்றினார்கள். 2025 முதல் வழக்கமான சீசனுக்கும் அதே விதி.

சரியான மாற்றம்தான். ஆனால் சீசன் ஓவர்டைம் வெறும் 10 நிமிடம். ஆளுக்கொரு முறை நிதானமாக ஆடினாலே நேரம் போய்விடும், டிராவில் முடியும் என்று உங்கள் ஆபீஸில் கத்துவார்கள். 2025 செப்டம்பரில் கிரீன் பேயும் டல்லஸும் 40-40 என்று முடித்ததைக் காட்டுவார்கள். முடியட்டுமே! 2018 முதல் ஆட்டத்தில் மழையில் நனைந்துகொண்டு பிட்ஸ்பர்க்கோடு 21-21 எடுத்தோம். ஓவர்டைமின் கடைசி நொடிகளில் ஜெயிப்பதற்காக நாங்கள் அடித்த கிக்கை பிட்ஸ்பர்க்கின் டி.ஜே. வாட் தடுத்துவிட்டார். இருந்தும், தொடர்ந்து 17 ஆட்டம் தோற்றவனுக்கு அந்த டிரா பொங்கலும் தீபாவளியும் சேர்ந்து வந்த மாதிரி.

திங்கட்கிழமை ஆபீஸில் "நேத்தும் தோத்துட்டாங்களா?" என்று மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதீர்கள். "அந்த நாலாவது டவுன்ல பன்ட் அடிச்சிருக்கணும்" என்று முனகினால் போதும் (கடைசி முயற்சியில் ரிஸ்க் எடுக்காமல் பந்தை தூர உதைத்து எதிராளியிடம் விட்டிருக்கலாம் என்று அர்த்தம்), காபி வாங்கித் தருவார்கள். டிசம்பரில் மைதானத்துக்குப் போகிறதாக இருந்தால் சொல்லுங்கள், ஏரிக்காற்றுக்குத் தெர்மல் இரண்டு அடுக்கு வேண்டும். என்னிடம் ஒரு செட் கூடுதலாக இருக்கிறது.