மைல்களைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: மகள் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். யுனைடெட் ஏர்லைன்ஸிலிருந்து ‘மைல் வாங்கினால் 100 சதவீதம் போனஸ்’ என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. இப்போதே வாங்கி வைக்கலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

எந்தத் தேதியில், எந்த விமானத்தில் என்று முடிவாகாமல் வாங்காதீர்கள். மைல் என்பது விமான நிறுவனம் தரும் புள்ளி, பணத்துக்குப் பதில் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். யுனைடெட்டில் ஒரு மைலின் வழக்கமான விலை 3.5 சென்ட். 100 சதவீத போனஸ் வந்தால் அது 1.75 சென்ட். பாதி விலைதான், ஆனால் அந்த மைலைக் கொடுத்து எவ்வளவு மதிப்புள்ள டிக்கெட் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

அதே விமானத்தின் ரொக்க விலையை எடுத்துக்கொள்ளுங்கள். மைலில் எடுத்தாலும் கட்டவேண்டிய வரியை அதில் கழியுங்கள். மீதியை, கேட்கும் மைல்களால் வகுங்கள். ஓர் உதாரணம்: எகானமி டிக்கெட் 900 டாலர், மைலில் எடுத்தால் 45,000 மைலும் 60 டாலர் வரியும். 840ஐ 45,000ஆல் வகுத்தால் மைலுக்கு 1.87 சென்ட். 1.75க்கு வாங்கினால் 52 டாலர் மிச்சம் போலத் தெரியும். ஆனால் இந்திய கார்டில் டாலர் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. அதிலேயே 32 டாலர் போய்விடும். காசு கொடுத்துப் பறந்தால் கணக்கில் ஏறியிருக்கும் மைல்களும் கிடைக்காது. எகானமிக்கு மைல் வாங்குவது பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

பிசினஸ் கிளாஸில் கணக்கு மாறும். 3,500 டாலர் இருக்கை 88,000 மைலுக்குக் கிடைத்தால், கார்டு கட்டணம், வரி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,665 டாலரில் முடியும். நிஜமாகவே 3,500 கொடுக்க இருந்தவருக்கு இது நல்ல லாபம். 900 டாலர் எகானமியில் போக இருந்தவருக்கோ 765 டாலர் கூடுதல் செலவு. இதை மறைத்துத்தான் விளம்பரங்கள் ‘பாதிக்கும் குறைவு’ என்கின்றன.

முதலில் இருக்கையைத் தேடி, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். பிறகு, குறையும் மைலை மட்டும் வாங்குங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் முன்பே பார்த்துவிடுங்கள். மைல் சில நிமிடங்களில் ஏறலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். அதற்குள் இருக்கை போய்விட்டால் மைல் கையில் நிற்கும், பணம் திரும்பாது. எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் என்று சொல்லும் நிலையான பட்டியலை 2019இல் யுனைடெட் கைவிட்டது. அதனால் இன்று 88,000 கேட்கும் இருக்கை நாளை எவ்வளவு கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வாங்கிச் சேர்த்து வைக்கக் கூடாது என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேள்வி: கணக்கில் உள்ள மைல் காலாவதியாகப் போகிறது. கொஞ்சம் வாங்கிச் சேர்த்துப் பயன்படுத்தட்டுமா?
- வாசகர், திருச்சி

எந்தத் திட்டம் என்று பாருங்கள். யுனைடெட், டெல்டா மைல்கள் காலாவதி ஆவதில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 24 மாதம், ஏவியோஸில் (பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்றவற்றின் மைல்) 36 மாதம் கணக்கில் எந்த வரவு செலவும் இல்லாவிட்டால்தான் போகும். சிறு அசைவு ஒன்று போதும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் அப்படியில்லை. மைல் ஏறி 36 மாதத்தில் முடிந்துவிடும், புதிதாக வாங்கினாலும் பழையதற்கு ஆயுள் நீளாது. டிக்கெட்டுக்குக் கொஞ்சம்தான் குறைகிறது, பயணமும் உறுதி என்றால் அந்தக் குறையை மட்டும் வாங்குவது நியாயம்.

பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஏவியோஸ் கொடுத்து எடுக்கும் டிக்கெட்டுக்கு, வரியோடு விமான நிறுவனத்தின் சொந்தக் கட்டணமும் பெரிதாக இருக்கும். முதல் பதிலில் சொன்ன கணக்கைப் போடும்போது, ரொக்க விலையிலிருந்து வரியோடு அதையும் சேர்த்துக் கழியுங்கள்.

கேள்வி: இணையத்தில் சிலர் மைலை மலிவாக விற்கிறார்களே?
- வாசகர், மதுரை

வாங்காதீர்கள். மைலைக் கைமாற்றி விற்பதை விமான நிறுவனங்களின் விதிகள் தடுக்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கை மூடி டிக்கெட்டையும் ரத்து செய்வார்கள். கவுன்டரில் நிற்கும்போது அது தெரியவந்தால், அன்றைய விலைக்குப் புது டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.